உளித் தலையில் காணாமல் போன துண்டு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்று பட்டறையில் மறுபடியும் நான்தான் கண் டாக்டர். நங்கூரக் கொக்கியை கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்த ஆல்வின் திடீரென்று மெஷினை நிறுத்திவிட்டு ஒற்றைக் காலில் குதித்தான். கண்ணில் தூசு. கண்ணில் விழுந்ததற்குக் காலில் ஏன் குதிக்க வேண்டும் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை, நானும் அப்படித்தான் குதிப்பேன்.

வழக்கம்போல பட்டறைக்குப் பின்னால் பழவேற்காடு ஏரிக்கரைக்கு இழுத்துப்போய், மண்டி போட வைத்து, "உள்ள போனதும் கண்ண முழிக்கணும், மூடிக்கினு இருந்தா நான் வுடமாட்டேன்" என்று சொல்லி முகத்தைத் தண்ணீரில் அமுக்கினேன். மூன்றாவது முங்கில் தூசு போய்விட்டது. சிவந்த கண்ணோடு போய் மறுபடி கிரைண்டரைப் பிடித்தான்.

இது எங்கள் வீட்டு வைத்தியம். எங்கள் ஆட்கள் ஏரியில் கழுத்தளவு உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள். சேறும் செதிலும் கண்ணில் தெறித்துக்கொண்டேதான் இருக்கும். கையை எடுத்துத் துடைத்தால் பிடித்த இறால் போய்விடும். அதனால் அப்படியே முங்கி, தண்ணீருக்குள்ளேயே கண்ணைத் திறந்து மூடுவார்கள். நான் பத்தாவது ஃபெயிலோடு ஏரியை விட்டு இரும்புக்கு வந்தவன். வைத்தியத்தை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டேன். என் சிகிச்சையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல வாயைத் திறந்தால் தண்ணீர் போகும்.

முதலாளி கௌஸ் மைதீன் பாய் எங்கள் எல்லாருக்கும் கண்ணாடி வாங்கித்தான் கொடுத்திருக்கிறார். போட்டால் வேர்வையில் புகைகிறது, துடைத்தால் கீறல் விழுகிறது. என்னுடையது ஆணியில் தொங்குகிறது. ஆல்வின் அவனுடையதைத் தலைமுடிமேல் மாட்டிக்கொண்டு அழகாக இருக்கிறான்.

பிப்ரவரி 6, வியாழன்

ஒன்றும் விசேஷமில்லை. மத்தி குழம்பு. இரண்டு தடவை சோறு.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒரு படகின் சுக்கான் ஆணி துருப்பிடித்து இறுகிப்போய் வந்திருந்தது. எண்ணெய் விட்டும் அசையவில்லை. பட்டறையின் பெரிய உளியை வைத்து அடித்தேன். அந்த உளி எனக்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறது. அடி வாங்கி வாங்கி அதன் தலை விரிந்து, ஓரமெல்லாம் மடிந்து காளான் மாதிரி நிற்கும். ஏழாவதோ எட்டாவதோ அடியில் வலது கண்ணில் டிக் என்று ஒன்று. எறும்பு கடித்த மாதிரிதான். கொஞ்சம் தண்ணீர் வந்தது.

ஆல்வின் இமையைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றுமில்லை என்றான். கருவிழி ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். நான் பின்னால் போய் என் வைத்தியத்தை எனக்கே செய்துகொண்டேன். நாலு முங்கு. உப்புத் தண்ணீர் சுள்ளென்று எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

திரும்பி வந்தபோது ஆல்வின் உளியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ண்ணா, தலையில ஓரமா ஒரு பீஸ் காணும். புதுசா ஒடஞ்ச மாதிரி பளபளன்னு கீது."

கீழே எங்கேயாவது கிடக்கும் என்றேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தடவினான். வண்டி வண்டியாகத் துருதான் ஒட்டியது. அந்தப் பளபளப்பான துண்டு கிடைக்கவில்லை. விடுடா, போனது தங்கமா என்று வேலையைப் பார்த்தேன்.

ஆணி மதியத்துக்குள் வந்துவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

வலியே இல்லை. சொன்னேனே.

பிப்ரவரி 14, வெள்ளி

பாய் தொழுகைக்குப் போன நேரம் சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். வலது கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி, பின்னால் வால் மாதிரி ஒரு நூல். நான் பார்க்கும் பக்கம் ஓடுகிறது, நின்றால் அதுவும் மெல்ல அடங்குகிறது. சரியாக இறால் குஞ்சு மாதிரி. வீட்டில் முத்தம்மாளிடம் சொன்னேன், கண்ணுக்குள்ளே இறால் வளர்க்கிறேன் என்று. கொழம்புக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். கட்டியவளிடம் அனுதாபம் எதிர்பார்க்கிறவன் மடையன்.

பிப்ரவரி 17, திங்கள்

போன் வந்துவிட்டது! காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் யார்டுக்கு ஆள் எடுக்கிற கான்ட்ராக்டரிடம் ஃபிட்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். சூப்பர்வைசர் சிவசங்கர் என்பவர் பேசினார். இருபத்தைந்தாம் தேதி மெடிக்கல். அதில் தேறினால் மார்ச் மூன்றாம் தேதி கேட் பாஸ். பி.எஃப்., இ.எஸ்.ஐ., வேன் எல்லாம் உண்டு. இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதிப் போட்டேன்.

முத்தம்மாளின் அண்ணன் பெருமாள் சாயங்காலம் வந்தார். கோட்டைக்குப்பத்தில் ஃபைபர் போட் வைத்திருக்கிறார். செய்தி கேட்டதும், "தொறமொகம் வேணாம்னு நாங்க அங்க கொடி புடிச்சிக்கினு நிக்கிறோம், நீ உள்ள பூந்து இரும்பு புடிக்கப் போறியா மாப்ள" என்றார். மச்சான், கொடிக் கம்பம் யார் செய்கிறது, அதுவும் இரும்புதான் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் மீன் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மெடிக்கலில் கண்ணும் பார்ப்பார்களாம். அதைப் பெருமாள் போன பிறகுதான் யோசித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பாயின் பட்டறை போர்டைப் பார்த்தேன். மார்கழி விடியலில் ஏரிமேல் பனி நிற்குமே, அதற்குப் பின்னால் போர்டு இருந்தது. பாய் பெயரில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

சூடாக இருக்கும். உடம்புச் சூடு. இளநீர் குடித்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது முத்தம்மாள் தட்டை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இன்னாய்யா, ரெண்டு நாளா சேவலாட்டம் தலையச் சாச்சிப் பாக்கற?" கழுத்துப் பிடிப்பு என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. உடனே எண்ணெய் காய்ச்சி வந்து கழுத்தைப் பிசைய ஆரம்பித்தாள். கண்ணுக்கு வந்த வியாதிக்குக் கழுத்துக்கு வைத்தியம். சும்மா சொல்லக்கூடாது, கழுத்து இப்போது பிரமாதமாக இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

பொன்னேரியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய், விலை விசாரிக்கிற மாதிரி நின்று, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் போனில் படம் எடுத்துவிட்டேன். பஸ்ஸிலேயே மனப்பாடம். பழவேற்காடு வருவதற்குள் கடைசி வரி வரை ஒப்பித்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டிலும் வாய் முணுமுணுத்திருக்கிறது. பொன்னேரி காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற என் பெண் காவியா, "இன்னா நைனா, உனக்கும் செமஸ்டரா" என்றாள். ஆமாம், அரியர் என்றேன்.

இது சரியா? கண் சூடு இறங்கியதும் தானாகத் தெளிந்துவிடும். அதுவரை ஒரு சமாளிப்பு. மெடிக்கல் முடியட்டும், கேட் பாஸ் கையில் வரட்டும். இ.எஸ்.ஐ. அட்டையிலேயே பெரிய டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம். கணக்கு சரியாகத்தான் வருகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

பாஸ்!

முதலில் சோதனை. அங்கே மாட்டியிருந்தது வேறு பலகை. நான் படித்த ஒரு வரியும் அதில் இல்லை. படித்த பாடம் பரீட்சைக்கு வராதது எனக்கு இது முதல் தடவை இல்லை என்பதால் பதறவில்லை. வலது கண்ணை மூடுங்கள் என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். மூடினேன். இடது கண்ணால் கடகடவென்று படித்தேன். இப்போது மாற்றுங்கள் என்றார். மாற்றினேன், கையை மட்டும். வலது கையை எடுத்துவிட்டு இடது கையால் அதே வலது கண்ணை மூடினேன். மறுபடியும் கடகட. அவர் தலை நிமிரவில்லை. எனக்கு முன்னால் அத்தனை பேர், பின்னால் அத்தனை பேர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இரண்டு கண்ணும் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டில் கேசரி. முத்தம்மாள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். பாயிடம் சொன்னபோது, போய்ட்டு வா தாமு, புடிக்கலன்னா இங்க உன் சுத்தியல யாரும் தொடமாட்டாங்க என்றார். அதைக் கேட்டுக் கொஞ்சம் என்னவோ போல ஆகிவிட்டது.

வெளியே வரும்போது வலது தோளைக் கதவில் இடித்துக்கொண்டேன். கதவு அங்கே இருந்தது எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

கண்ணு காலையிலிருந்து செவசெவன்னு கீது. வெளிச்சம் பட்டா உள்ள ஊசி குத்துது. கர்ச்சீப்ப வெச்சிக்கினு வேலைக்குப் போவாம படுத்திருந்தேன். சளி பிடிக்கப் போகிறது என்று சொல்லி வைத்திருந்தேன்.

காவியா காலேஜிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.  மூன்று நாளாகப் பார்க்கிறேன், வலது பக்கம் நான் வந்து நின்றால் உனக்குத் தெரிவதே இல்லை என்றாள். அதெல்லாம் தெரியும் என்றேன். சட்டென்று கை நீட்டி என் இடது கண்ணைப் பொத்தினாள்.

"எத்தினி வெரல் காட்றேன், சொல்லு நைனா."

நமக்கா தெரியாது. எல்லாரும் காட்டுவது ரெண்டு, இல்லாவிட்டால் மூணு. இவள் கொஞ்சம் வில்லங்கம் பிடித்தவள்.

"மூணு."

அவள் பொத்திய கையை எடுக்கவில்லை. 

"நான் கையே காட்டல, நைனா."

எல்லாத்தையும் சொல்லிட்டேன். உளி, டிக்குன்னு கேட்டது, ஏரித் தண்ணி, மெடிக்கல்ல கைய மாத்தனது. முத்தம்மா வாசப்படியில நின்னு கேட்டுக்கினு இருந்திருக்கா. "கழுத்துக்கு எண்ண தேச்சிக்கினு இருந்தனே, வாயத் தொறந்து சொன்னியாய்யா" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது? கழுத்து நன்றாக இருக்கிறது என்றா?

காவியா ஆல்வினுக்குப் போன் போட்டாள். நாளைக்குக் காலையில் மெட்ராஸ், பெரிய கண் ஆஸ்பத்திரி.

பயமா கீது. இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 1, சனி

டாக்டர் அம்மா சின்ன வயசு. லைட் அடித்து வெகு நேரம் பார்த்தார். இரும்பை இரும்பால் அடிக்கிற வேலையா என்று கேட்டார். நான் ஆமாம் என்பதற்குள் ஆல்வின் பையிலிருந்து பேப்பரில் சுற்றிய உளியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டான். வாசலில் செக்யூரிட்டி எப்படி விட்டார் என்று தெரியவில்லை. டாக்டர் அந்தப் பளபளப்பான ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார்.

துண்டு கிடைத்துவிட்டது. காந்தம் வைத்துத் தரையெல்லாம் தேடினோமே, அது என் கண்ணுக்குள்ளே, பின்பக்கச் சுவரில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. படத்தில் வெள்ளையாக, ரவை மாதிரி.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரை: இவ்வளவு சின்னத் துண்டு, அவ்வளவு வேகத்தில் வந்தால் வலிக்காது. துளை தானாக மூடிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. வலிக்காததுதான் ஆபத்து. உள்ளே போன இரும்பு உள்ளேயே துருப்பிடிக்கும். துரு விழித்திரையைத் தின்னும். துருவைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. முப்பது வருஷமாக அதைச் சுரண்டித்தான் சாப்பிடுகிறேன்.

கண்ணை எதைக் கொண்டு கழுவினீர்கள் என்றார். ஏரி என்றேன். முங்கி, உள்ளே முழித்து என்று செய்தும் காட்டினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஓட்டை விழுந்த கண்ணுக்குள் ஏரித் தண்ணீரை விட்டிருக்கிறீர்கள், சீழ் பிடித்திருந்தால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும், பிடிக்காதது உங்கள் அதிர்ஷ்டம் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாளைக்கு ஆபரேஷன். பார்வை திரும்புமா என்று முத்தம்மாள் கேட்டாள். இப்போதே சொல்ல முடியாது, கண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார். இரண்டும் ஒன்று இல்லையா?

இல்லையாம்.

மார்ச் 3, திங்கள்

இடது கண்ணால் எழுதுகிறேன். வலது கண்ணில் பெரிய கட்டு. துண்டை எடுத்துவிட்டார்கள். சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். இதற்கா இவ்வளவு என்று இருந்தது. உள்ளே காற்று ஏற்றியிருக்கிறார்களாம். அதனால் பல நாளைக்குக் குப்புறப் படுக்க வேண்டும். குப்புறப் படுத்த மனுஷனுக்கு வார்டில் தெரிகிற காட்சி தரை மட்டும்தான். இங்கே கழுவுகிற ஆள் மூலைகளை விட்டுவிடுகிறார்.

இன்று நான் கேட் பாஸ் வாங்க வேண்டிய நாள். நானே சிவசங்கர் சாருக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொன்னேன். "ரெண்டு கண்ணும் பாஸ்னு எழுதியிருக்காங்க சார், ஆனா ஒரே கண்ணுதான் ரெண்டு தடவ பாஸ் பண்ணுச்சி."  சிரித்துவிட்டார். பிறகு, உடம்பைப் பாருங்கள், இந்த வேலைக்கு இனிமேல் எடுக்க முடியாது என்றார். அதுவும் சரிதான். உயரத்தில் ஏறுகிற வேலை. கதவே தெரியாதவன் ஏணியில் என்ன செய்வான்.

பாய் நோன்போடு பஸ் ஏறி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். உளித் தலைகளையெல்லாம் கிரைண்டரில் வைத்து மடிப்பு போகத் தேய்த்தாயிற்று என்றார். சுத்தியல் அங்கேதான் இருக்கிறது என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

மார்ச் 8, சனி

கட்டு பிரித்தார்கள். கொதிக்கிற தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிற மாதிரி. வெளிச்சம் தெரிகிறது. முன்னால் ஒரு வெள்ளை அசைந்தது. அது டாக்டர் அம்மா. வெளிச்சம் தெரிகிறதே, அது போதும் முதல் நாளைக்கு என்றார். கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிட்டதால் இப்போது மங்கல்தான், புதுசு பிறகு வைப்பார்கள். பின்னால் திரையில் ஒரு தழும்பு இருக்கும். முன்பு மாதிரி முழுசாக வராது. எவ்வளவு வருமோ அவ்வளவு.

காவியா என் கண்ணைப் பார்க்காமல் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

வீடு. ஒற்றைக் கண்ணால் தூரம் தெரியாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இன்று டீயைத் தம்ளருக்குப் பக்கத்தில் மிகச் சரியாக ஊற்றினேன். ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை. முத்தம்மாள் கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முன்பும் நான் இப்படித்தான் ஊற்றுவேன் என்று அவள் சொல்வது அபாண்டம்.

தினமும் ஒரு கட்டையில் ஆணி அடித்துப் பழகுகிறேன். கட்டை வளர்ந்துகொண்டே போகிறது, கட்டைவிரலைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

செக்கப். இடது கண்ணை டாக்டரே அட்டையால் மூடினார். என்னை நம்பவில்லை போலிருக்கிறது. முதல் வரி தெரிந்தது. இரண்டாவது வரியில் பாதி. மூன்றாவது தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். வாய் ஊகம் சொல்லத் துடித்தது, அடக்கிக்கொண்டேன். லென்ஸ் வைத்தபின் இன்னும் கொஞ்சம் ஏறலாமாம். வேலைக்குப் போகலாம், ஆனால் இடது கண் இனி இரண்டு கண்ணுக்குச் சமம், கண்ணாடி இல்லாமல் பட்டறைப் படி மிதிக்கக் கூடாது என்றார். எழுதியும் கொடுத்தார். காவியா அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து மோர் குடித்தோம். அரை வரி அதிகம் படித்ததற்கு இரண்டாவது தம்ளரும் வாங்கிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாததால் ஊரில் உள்ள அத்தனை படகுச் சாமானும் பட்டறையில். படகுக்காரர்கள் சாமானைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். பக்கத்திலேயே குந்தி, மூக்கு சாமான்மேல் படுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடி தப்பினால் அவர்கள் உயிரே தப்பின மாதிரி.

இன்று பெருமாள் மச்சான் அவருடைய சுக்கானோடு வந்தார். ஆணி இறுகிக் கிடந்தது. உளியை வைத்தேன். ஆல்வின் பிடித்துக்கொண்டான், அவன் கண்ணாடி கண்ணில்தான் இருந்தது. நானும் போட்டிருந்தேன். மச்சான் என் வலது பக்கம் வந்து குந்தினார். அந்தப் பக்கம் எனக்கு அவர் ஒரு லுங்கியும் ஒரு மீசையும்தான்.

சுத்தியலைத் தூக்கினேன். தூக்கியபடியே, கதவுக்கு வெளியே போய் நில்லுங்கள் மச்சான் என்றேன்.

"எந்நேரமும் இங்கதான குந்தறேன். அடி மாப்ள, கடுப்பேத்தாத. ஒத்தக் கண்ண வெச்சிக்கினு ஊருக்கே சட்டம் போட வந்துட்டான்."

பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பாய் கணக்கு மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கையை இறக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. சுத்தியல் கனமானதுதான். தோள் நடுங்க ஆரம்பித்தது. இறக்கி வைத்தால் என்ன என்று தோன்றியது, ஆனால் இறக்கினால் அவர் அங்கேயேதான் இருப்பார்.

மச்சான் ஆல்வினைப் பார்த்தார். ஆல்வின் உளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்த்திருப்பார். வலது கண்ணாடிக்குப் பின்னால் என் கண் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

லுங்கி எழுந்தது. மீசை ஏதோ முனகியது. வாசல் வெளிச்சத்தைத் தாண்டி வெளியே போய் நின்றது.

அடித்தேன். மூன்றாவது அடியில் ஆணி அசைந்தது.